பாலட் மட்டும் வரல, பில்லு கரெக்டா வருது!

கேள்வி: கலிஃபோர்னியால சான் ஹோசே பக்கம் 60 வீடு உள்ள டவுன்ஹோம் கம்யூனிட்டில இருக்கோம். மாச டியூஸ் (பராமரிப்பு கட்டணம்) 420 டாலர் இருந்தத 495 ஆக்கிட்டாங்க, வெளிச்சுவர் பெயின்ட்டுக்குன்னு வீட்டுக்கு 600 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (தனி வசூல்) வேற. எங்க ஓனர்கள் அசோசியேஷன் போர்டுல அஞ்சு பேர், ஈமெயில்லயே 3-2ன்னு முடிவு பண்ணிட்டாங்க. போன மாசம் போர்டு எலெக்‌ஷன் நடந்துச்சு, எங்களுக்கு பாலட்டே (ஓட்டுச் சீட்டு) வரல. கேட்டா ரெண்டு மாச டியூஸ் பாக்கி, அதனால ஓட்டு கிடையாதாம். வீட்டுக்கு ஓனர் நாங்களா, அவங்களா? அப்புறம் டீடுல (வீட்டு பத்திரம்) என் பேரும் வீட்டுக்காரர் பேரும் இருக்கு, எங்களுக்கு ரெண்டு ஓட்டு உண்டான்னு அவர் கேக்க சொன்னார்.
- ஒரு வாசகி

பதில்: உங்க கோவம் புரியுதும்மா, ஆனா நாலு விஷயத்தையும் ஒரே மூட்டையா கட்டி போர்டு தலையில போட்டீங்கன்னா அவங்க அதுல தப்பில்லாத ஒண்ண மட்டும் எடுத்து பதில் சொல்லிட்டு போயிடுவாங்க. நானும் ரெண்டு வருஷம் ஒரு எச்.ஓ.ஏ. (ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன்) போர்டுல உக்காந்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினவதான், அந்த வித்தை எனக்கு நல்லாவே தெரியும்.

முதல்ல டியூஸ். இதுல சண்டை போடாதீங்க. இந்த மாதிரி அசோசியேஷன்களுக்கான கலிஃபோர்னியாவோட டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டப்படி, வருஷாந்திர பட்ஜெட் ரிப்போர்ட்ட ஒழுங்கா அனுப்பியிருந்தா, போன வருஷ டியூஸ்ல 20 சதவீதம் வரைக்கும் போர்டே ஏத்தலாம், ஓனர்கள கேக்க வேண்டாம். 420க்கு அது 504 வரைக்கும் போகும். 495 அதுக்குள்ளதான் இருக்கு. வயித்தெரிச்சல்தான், என்ன பண்றது.

600 டாலர் கதை வேற. ஸ்பெஷல் அசெஸ்மென்ட் மொத்தமா சேர்த்து அந்த வருஷ பட்ஜெட் செலவுல 5 சதவீதத்த தாண்டினா ஓனர்கள் ஓட்டு போட்டே ஆகணும், அதுவும் ரகசிய ஓட்டு. உங்க பட்ஜெட் என் கைல இல்ல, ஆனா 60 வீடு, மாசம் 495, பன்னெண்டு மாசம்னு போட்டா வருஷத்துக்கு 3,56,400 டாலர், அதுல 5 சதவீதம் 17,820. அவங்க கேக்கறது 36,000, அதாவது ஏறக்குறைய ரெண்டு மடங்கு! கோர்ட் ஆர்டர், பாதுகாப்புக்கு ஆபத்துன்னு சில எமர்ஜென்சிக்கு விதிவிலக்கு இருக்கு, பெயின்ட் உதிர்றது சாதாரணமா அதுல வராது. முறையா ஓட்டெடுப்பு நடத்தினா 60ல 31 வீடாவது ஓட்டு போடணும், அதுல பாதிக்கு மேல சரின்னா பாஸ். அதனால பட்ஜெட் ரிப்போர்ட்ட எடுத்து வெச்சுக்கிட்டு, எந்த ஓட்டெடுப்புல இது பாஸ் ஆச்சுன்னு எழுத்துல கேளுங்க.

அந்த 3-2 ஈமெயில் முடிவும் செல்லாது. போர்டு மெம்பருக்கு போர்டு மீட்டிங்ல ஆளுக்கொரு ஓட்டு, பிரசிடென்ட்டுக்கும் அதே ஒண்ணுதான். ஆனா அந்த ஓட்ட மீட்டிங்லதான் போடணும். சாதாரண மீட்டிங்னா நாலு நாள் முன்னாடியே அஜெண்டாவோட நோட்டீஸ் வரணும், நீங்க போய் உக்காந்து பேசலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. எமர்ஜென்சின்னா மட்டும், அதுவும் எல்லா மெம்பரும் எழுத்துல சம்மதிச்சாதான் ஈமெயில்ல முடிக்கலாம். ஆனா ஒண்ணு, பெயின்ட் அடிக்கறதா வேண்டாமாங்கறது பெரும்பாலும் போர்டு அதிகாரம்தான், நாளைக்கே ஒழுங்கா மீட்டிங் போட்டு அதே 3-2 போட்டா அது சரியாயிடும். காசு கேக்கறதுதான் ஆகாது.

இப்ப பாலட். பாக்கி வெச்சவங்களுக்கு ஓட்டு கிடையாதுன்னு முன்னாடி நிறைய அசோசியேஷன்ல நடந்துச்சு, பழைய பைலாஸ்ல (அசோசியேஷன் விதிகள்) அந்த வரி இன்னும் கிடக்கும், அத காமிச்சா மெரளாதீங்க. 2020 ஜனவரியில இருந்து, பாலட் அனுப்பற நேரத்துல நீங்க மெம்பரா இருந்தா போதும், பாக்கின்னோ ஃபைன்னோ சொல்லி பாலட்ட நிறுத்த முடியாது. பாக்கி வசூலிக்க அவங்களுக்கு வேற வழி இருக்கு. எலெக்‌ஷன் நடத்தின இன்ஸ்பெக்டர் யாருன்னும் விசாரிங்க, போர்டு மெம்பர், அவங்க சொந்தக்காரங்க, உங்க மேனேஜ்மென்ட் கம்பெனி, இவங்க யாரும் அந்த வேலைய பாக்கக்கூடாது.

எலெக்ஷன் தப்புக்கு கேஸ் போட டைம் ஒரு வருஷம். முதல்ல போர்டுக்கு எழுதி நேர்ல உக்காந்து பேசணும்னு கேளுங்க, அவங்க முடியாதுன்னு சொல்லக்கூடாது, அதுக்கு உங்ககிட்ட ஃபீஸும் வாங்கக்கூடாது. மசியலன்னா, பாலட் வராத விஷயத்த வக்கீல் இல்லாமலே ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சின்ன வழக்குகளுக்கான கோர்ட்) கொண்டு போகலாம், ஒவ்வொரு மீறலுக்கும் 500 டாலர் வரைக்கும் அசோசியேஷனுக்கு அபராதம் போட முடியும். அதுக்குன்னு எலெக்‌ஷனே ரத்தாயிடும்னு கனவு காணாதீங்க, தங்களோட தப்பால ரிசல்ட் மாறலன்னு அசோசியேஷன் நிரூபிச்சா அந்த ரிசல்ட் செல்லும். ஜெயிச்சவர் பதினஞ்சு ஓட்டு முன்னால இருந்தா உங்க ஒரு பாலட் என்ன பண்ணும்? ஒரே ஓட்டு வித்தியாசம்னா கத வேற, அதனால எண்ணிக்கைய மொதல்ல கேட்டு வாங்குங்க. மெம்பர்ல 5 சதவீதம் பேர் கையெழுத்து போட்டு ஸ்பெஷல் மீட்டிங் கூட்டலாம், போர்ட மாத்தற ஓட்டெடுப்பும் கேக்கலாம். உங்க 60 வீட்டுல அது மூணே வீடு.

பாக்கிய மட்டும் கட்டிடுங்க, லேட் ஃபீ ஏறிட்டே போகும்.

உங்க வீட்டுக்காரர் கேள்விக்கு: பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், டீடுல எத்தன பேர் இருந்தாலும் சரி. கவரு வந்தா யாருக்கு ஓட்டுன்னு நீங்க ரெண்டு பேரும் உள்ளயே ஒரு எலெக்‌ஷன் வெச்சு முடிவு பண்ணிக்கங்க.