மயில் கழுத்துப் பட்டுக்கு எந்த ரவிக்கை?

கேள்வி: தை மாதம் என் மகளின் திருமணம். முகூர்த்தத்திற்கு என் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. 1984-இல் எடுத்தது, மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. அதனோடு வந்த ரவிக்கை அம்மாவின் அளவுக்குத் தைத்தது. என் கை நுழையவில்லை. கடையில் நீலத் துணியைப் பக்கத்தில் வைத்தால் சேலை பச்சையாகத் தெரிகிறது. பச்சையை வைத்தால் நீலமாகிவிடுகிறது. மகளோ ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைதான் வேண்டும் என்கிறாள். எனக்கு வயது 54. கை சற்றுப் பருமன், வியர்வையும் அதிகம். எந்த நிறத்தில், எந்தத் துணியில், எப்படித் தைத்துக்கொள்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் சேலையை மகளின் முகூர்த்தத்தில் கட்ட நினைக்கும் உங்கள் மனம் எனக்கு நன்றாகவே புரிகிறது. முதலில் உங்களைக் குழப்பும் நிறத்தைப் பார்த்துவிடுவோம். மயில் கழுத்து என்பது ஒரே சாயத்தில் தோய்த்த நிறமன்று. நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒரு நிறத்திலும், அதன் குறுக்கே ஓடும் ஊடை இழை வேறொரு நிறத்திலும் ஓடி, இரண்டும் சேர்ந்து நம் கண்ணில் உண்டாக்கும் நிறம். அதனால்தான் ஒளி விழும் கோணம் மாறும்போதெல்லாம் சேலையும் மாறுகிறது. அருகில் வைக்கும் துணிக்கு ஏற்பவும் மாறுகிறது. சேலையின் உள்முனையில், அதாவது இடுப்பில் செருகும் பக்கத்தில், ஓரம் மடித்துத் தைத்த தையலை ஓர் அங்குலம் மட்டும் பிரித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அகலவாக்கில் ஓடும் இழை ஒன்றை ஊசி முனையால் மெல்ல உருவினால் கையில் வருவது ஊடை. அது போன பிறகு ஓரத்தில் குஞ்சம்போல் நிற்பவை பாவு இழைகள். ஒன்று நீலமாகவும் மற்றது பச்சையாகவும் இருக்கக்கூடும். இதை முந்தானைப் பக்கத்தில் செய்து பார்க்காதீர்கள். காஞ்சிபுரம் சேலைகளில் முந்தானைக்கு வேறு பாவு இணைப்பது வழக்கம் என்பதால், அங்கே தெரியும் இழை உடலின் நிறத்தைச் சொல்லாது.

இப்படி இரு நிறம் கலந்த உடலோடு ஒரே நிற நீலத்தையோ பச்சையையோ சேர்த்தால், இரண்டில் ஒன்றை அது அடக்கிவிடும். ஆகவே நான் சொல்வது அரக்கு. தறியில் கரைக்கும் உடலுக்கும் ஊடை இழையைச் சுமந்து செல்லும் நாடாவைத் தனித்தனியாக ஓட்டி, இரண்டையும் கோத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். உடலுக்கும் கரைக்கும் நடுவே அவ்வளவு துல்லியமான கோடு விழுவது அந்த உழைப்பினால்தான். கரையின் நிறத்திலேயே ரவிக்கை அமையும்போது, தோளில் ஏறி மார்பின் குறுக்கே இறங்கும் கரை ரவிக்கையோடு ஒன்றிவிட, நடுவில் மயில் கழுத்து மட்டும் தனித்து மின்னும். அடர்ந்த நிறம் என்பதால் கையின் பருமனும் எடுப்பாகத் தெரியாது.

அரக்கிலும் பல சாயை உண்டு. பழைய ரவிக்கையைக் கடைக்கு எடுத்துச் சென்று நிறம் பார்க்காதீர்கள். துவைத்துத் துவைத்து அது வெளுத்திருக்கும், சேலையின் கரை அப்படி வெளுத்திருக்காது. உள்முனைக் கரையிலிருந்து நாலைந்து இழைகளை எடுத்து வெள்ளை அட்டையில் சுற்றிக்கொண்டு போங்கள்; துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இழைக்குச் சரியாகப் பொருந்தும் துணி கிடைக்காவிட்டால், ஒரு படி அடர்ந்ததை எடுக்கலாம். ஒரு படி வெளிறியதை எடுக்க வேண்டாம். அது கரைக்குப் பக்கத்தில் பழசாகத் தோன்றும்.

துணி சாதாரண வெற்றுப் பட்டாக இருக்கட்டும். ஜரிகை நிறைந்த பனாரஸ் துணி உங்கள் கரையோடு போட்டியிடும். அதிலும் இன்றைய ஜரிகையின் பளபளப்புக்குப் பக்கத்தில், நாற்பது ஆண்டு கடந்த ஜரிகையின் அமைந்த நிறம் மங்கலாகிவிடும். பட்டு என்ற பெயரில் பாலியஸ்டர் விற்பதும் உண்டு. ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். வியர்வை அதிகம் என்கிற உங்களுக்கு இது அழகு சார்ந்த கேள்வி மட்டுமன்று, முகூர்த்தம் முடியும் வரை நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியுமா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இன்னொன்றும் செய்யுங்கள்: ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் புதுத் துணியை அழுத்தித் தேயுங்கள். சிவப்பு ஏறினால் அந்தத் துணி வேண்டவே வேண்டாம். அக்குளில் கசியும் வியர்வையே போதும், அந்தச் சாயம் அம்மாவின் சேலையில் இறங்கிவிடும்.

ஆரி வேலைப்பாட்டைப் பற்றி உங்கள் மகளிடம் நீங்களே பேச வேண்டும். அந்தக் கலையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்தச் சேலைக்கு அது ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றில், பாட்டியின் பட்டுக்கு, ஆரி வேலையில் மணியும் கல்லும் பதித்த ரவிக்கையை நான் அணிந்தேன். மாலையில் சேலையை அவிழ்த்தபோது, இடத் தோளில் மடிப்பு அமர்ந்திருந்த உள்ளங்கை அகல இடம் முழுவதும் இழை இழையாக உரிந்து பஞ்சுபோல் நின்றது. ஒரு நாள் முழுவதும் அந்த மணிகள் அங்கே அரைத்திருக்கின்றன. அதைச் சரிசெய்ய வழியே இருக்கவில்லை. மகள் மனம் நோகாமலிருக்க, வரவேற்புக்குக் கட்டும் புதுச் சேலைக்கு ஆரி ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த ரவிக்கைக்கு அழகு சேர்க்க உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அம்மாவின் பழைய ரவிக்கைக் கையில் ஜரிகைக் கரை இருக்குமானால், கத்தரி போடாமல் தையலை மட்டும் பிரித்து அதை எடுத்து, புது ரவிக்கையின் கை ஓரத்தில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சேலையின் ஜரிகையும் அதுவும் ஒரே வயது. எந்தக் கடையிலும் அதைவிடப் பொருத்தமான ஜரிகை கிடைக்காது. உங்கள் கைச் சுற்றளவுக்கு நீளம் போதாவிட்டால், குறையும் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் புதுத் துணியையே இணைத்து, அந்த இணைப்பு கையின் உட்பக்கம், உடம்போடு ஒட்டும் இடத்தில் வருமாறு வைத்துக்கொள்ளலாம். கையை உயர்த்தினாலொழிய அது தெரியாது.

இனி தையல். ரவிக்கை பொருந்துவதும் பொருந்தாததும் பெரும்பாலும் கைக்குழியில்தான், அதாவது ரவிக்கையோடு கை இணையும் வளைவில்தான் இருக்கிறது. கை பருமனாக இருப்பவர்கள் இறுக்கத்துக்கு அஞ்சிக் கைக்குழியை ஆழமாக இறக்கச் சொல்வார்கள். பலன் நேர்மாறாகவே அமையும். குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே இழுபட்டு, கீழ்ப்பட்டி வயிற்றை விட்டு எழும்பும். குழி அக்குளை ஒட்டி மேலே இருக்க வேண்டும். தளர்ச்சி கைத்துணியின் அகலத்தில் வர வேண்டும். மணப்பெண்ணின் தாய் அன்று மனையில் உட்கார வேண்டும், தாரை வார்க்கும்போது நீர் ஊற்ற வேண்டும், அட்சதை போட வேண்டும். கை ஓய்ந்திருக்கும் நேரம் குறைவு. கை நீளம் புஜத்தின் மிகப் பருத்த இடத்தில் முடிந்தால் கண் அங்கேயே நிற்கும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடியட்டும். அந்த நீளத்துக்கு எண்பது சென்டிமீட்டர் துணி போதாமல் போகலாம். ஒரு மீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். முன்கழுத்து, பின்கழுத்து இரண்டையும் ஆழமாக வைத்தால் தோள்பட்டை நழுவும். ஒன்றையாவது மேலே நிறுத்துங்கள்.

தையற்காரரிடம் நாடா அளவு மட்டும் கொடுக்காமல், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் அளவு ரவிக்கையையும் கொடுங்கள். பட்டில் கை வைக்கும் முன், ரூபியா என்னும் சாதாரண ரவிக்கைத் துணியில் அதே வெட்டில் ஒன்று தைத்து வாங்கி, அணிந்துகொண்டு தரையில் உட்கார்ந்து எழுந்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். அந்தச் செலவு வீண் போகாது. வீட்டு வேலை நாட்களுக்கு அது உங்களிடம் இருக்கும். பட்டு ரவிக்கையின் இரு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் ரவிக்கையில் அவ்வளவு விட்டிருந்தால், ஒருவேளை அதையே பிரித்து விட்டுக்கொண்டிருக்கலாம். தை முகூர்த்தங்களுக்கு மார்கழியில் தையற்காரர்களிடம் துணி குவிந்துவிடும் என்பதால், கார்த்திகையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

உள்துணி பருத்தியாக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேலே பட்டு குமிழ்விட்டு நிற்கும். அக்குளில் பிறை வடிவில் இன்னொரு மடிப்புப் பருத்தி வைத்துத் தைத்துக்கொண்டால் ஈரம் வெளியே வராது. தோளில் ஊக்கு குத்தும்போது, பழம்பட்டின் ஒற்றை மடிப்பில் நேராகக் குத்தாமல், எல்லா மடிப்பையும் சேர்த்துப் பிடித்து, அடியில் சிறு பருத்தித் துண்டு வைத்து, ரவிக்கையின் உட்பக்கத்திலிருந்து குத்துங்கள். திருமணம் முடிந்த அன்றிரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும், சேலையை நிழலில் காற்றாட விரித்துவிட்டு, ரவிக்கையைத் தனியாக எடுத்து வையுங்கள். வியர்வைபட்ட ரவிக்கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துப் பீரோவில் பூட்டினால், ஜரிகை கறுக்க அதுவே காரணமாகும்.