கார் மட்கார்டில் மறுபடி கொப்புளம்: திரும்பவும் பட்டி போடலாமா?

போடாதீங்க, நிற்காது. பட்டி (பள்ளத்தை நிரப்புகிற பசை) போட்டு எட்டே மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளிக்குதுன்னா துரு உள்பக்கத்திலிருந்து வருது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யணும்.

பெரும்பாலும் காரணம் சேறு. சக்கரம் வாரி அடிக்கிற மண் மட்கார்டின் கீழ் மடிப்பில் தங்கி, நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பட்டியும் ஈரத்தை உறிஞ்சும்.

வெட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்க:

1. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மெதுவா நகர்த்துங்க. பிடி தளர்கிற இடமெல்லாம் பட்டி.
2. உள்பக்கம் சுரண்டி, திருப்புளியால் குத்துங்க. நல்ல தகடு 'டங்'னு சொல்லும். செத்த தகடு பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு உதிரும். பளபளன்னு இரும்பு தெரிகிறவரை வெட்டுங்க. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம், மிச்சம் விட்ட துருதான் திரும்பி வரும்.

ஒட்டுத் தகடு அசல் கனத்திலேயே இருக்கட்டும், பழைய கார்களில் சுமார் 0.8 முதல் 1 மில்லிமீட்டர். ஒரே இழுப்பில் வெல்டிங் போட்டால் சூட்டில் தகடு நெளிந்துடும். தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்புங்க. பெயிண்ட் முடிந்ததும் உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடிக்கணும், இதை விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

துரு கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்கோ அடிச்சட்டமான சேஸிஸுக்கோ போயிருந்தால் நீங்களே தொடாதீங்க, வண்டியின் பலமே அதில்தான். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்க. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்க வேண்டாம், முகமூடியும் கட்டாயம்.