முழங்கை வலிக்கு மருந்து புது ஈட்டி அல்ல

கேள்வி: என் மகனுக்கு 14 வயது முடிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு. ஈட்டி எறிதலில் குறுவட்டப் போட்டியில் முதலிடம் வந்தான், 38 மீட்டர். மூன்று வாரமாக வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். பள்ளியில் இருப்பது ஒரே ஈட்டி, 800 கிராம். தெரிந்தவர் ஒருவர், ஈட்டி தரமில்லாததால்தான் வலி வருகிறது, 92,000 ரூபாய்க்கு வெளிநாட்டு கார்பன் ஈட்டி வாங்கித் தருகிறேன், பத்து மீட்டர் கூடும், விளையாட்டு விடுதியில் இடத்துக்கும் பேசி முடித்துவிடலாம் என்கிறார். நகையை அடகு வைத்து வாங்கலாமா? இன்னும் மூன்று வாரத்தில் வருவாய் மாவட்டப் போட்டி இருக்கிறது. — ஒரு தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்க வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பையன் நாளையிலிருந்து ஈட்டியைத் தொடக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். மணிக்கட்டை மடக்கும் தசைகள் எல்லாம் அந்த முண்டில்தான் வந்து பிடித்திருக்கின்றன. நமக்கு அது ஒரே எலும்பு. 14 வயதுப் பையனுக்கு அப்படி இல்லை. முண்டுக்கும் கை எலும்புக்கும் நடுவே இன்னும் இறுகாத குருத்தெலும்பு ஒரு தட்டு போல இருக்கும். பையன்களுக்குப் பெரும்பாலும் 15 வயதுக்கு மேல், சிலருக்கு 17 வயதில்தான் அது எலும்போடு ஒட்டும். ஈட்டியை எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறப்பது போல இழுபடுகிறது. பெரியவர்களுக்கு இந்த இழுப்பில் தசைநாண் நோகும், பையன்களுக்கு அந்தக் குருத்தெலும்பே நோகும். அது நோகிறது என்று கை சொல்லிக்கொண்டிருக்கும்போது எறிந்துகொண்டே இருந்தால், ஒருநாள் அந்த முண்டு பிய்ந்து தனியே வந்துவிடும்.

சரி, ஏன் நோகிறது? முதல் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 800 கிராம் என்பது வளர்ந்த ஆண்களின் ஈட்டி. நீரஜ் சோப்ரா டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்தது அந்த எடையில்தான். உலகத் தடகள விதிப்படி 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கே 700 கிராம்தான். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் 500, அதற்கு மேல் 600. உங்கள் பையன் பயிற்சியில் 600-ஐத் தாண்டவே தேவையில்லை.

பள்ளி ஈட்டியின் எடையையும் வாய்ச்சொல்லாக நம்பாதீர்கள். காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசில் குறுக்கே வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நீளத்தை டைலர் டேப்பால் அளந்து பாருங்கள். 2.6 மீட்டருக்கு மேல் இருந்தால் பெரியவர்களின் ஈட்டி. 700 கிராம் ஈட்டி 2.3 முதல் 2.4 மீட்டர் வரைதான் இருக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்து கிரிக்கெட் மட்டை இருக்கும் பள்ளியில் ஈட்டி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பெரியவர்கள் எடையில். அதை ஆறாம் வகுப்புப் பையனும் எறிகிறான், பன்னிரண்டாம் வகுப்புப் பையனும் எறிகிறான். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று பிரிவு வைத்திருக்கிறார்கள். 14 முடிந்த மறுவருடமே பையன் 16 வயதுக்காரனோடு நிற்க வேண்டும். அந்த வயதில் இரண்டு வருடம் என்பது தோளிலும் தாடையிலும் தெரிகிற வித்தியாசம். அப்புறம் போட்டி நாள். காலையில் நீளம் தாண்டுதல், ரிலே, அதற்குள் மைக்கில் மூன்று முறை பெயரைக் கூப்பிடுகிறார்கள். பையன் ஓடிவந்து, உடம்பு சூடாகாமலே முதல் எறியை முழு வேகத்தில் எறிகிறான். பி.டி. சார் ஒருவரே பதினைந்து நிகழ்ச்சியைப் பார்க்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை. வயதுக்கேற்ற எடையில் நாலு ஈட்டி வாங்கிக் கொடுக்க முடியாத ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது காரணம் எறியும் முறை. இதை நீங்களே பார்க்கலாம். ஓய்வு முடிந்ததும் ஒரு டென்னிஸ் பந்தை எறியச் சொல்லி, பின்னால் நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். இடது கால் தரையில் ஊன்றும் அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். வலது கை இன்னும் பின்னால், தோள் உயரத்துக்குக் குறையாமல், உள்ளங்கை மேல் பார்த்து நீண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கை முன்னே வரும்போது முழங்கை தோளுக்கு மேலே வர வேண்டும். நம் பையன்களில் பாதிப் பேர் பவுண்டரியிலிருந்து பந்து எறிகிற மாதிரி, முழங்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசுகிறார்கள். இடது கால் ஊன்றுவதற்கு முன்பே கையை இழுத்துவிடுகிறார்கள். காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலை மொத்தமும் முழங்கையின் உள்பக்கத்தில் வந்து விழுகிறது. ஈட்டியின் வால் முதுகிலோ தொடையிலோ தட்டுகிறது என்று பையன் சொன்னால், அதுவும் பெரும்பாலும் இதே தப்புதான்.

இப்போது அந்தக் கார்பன் ஈட்டி. தயாரிப்பவர்கள் ஒவ்வொரு ஈட்டியையும் 60 மீட்டர், 70 மீட்டர், 80 மீட்டர், 90 மீட்டர் என்று எறிபவரின் தரத்துக்கேற்ப வகைப்படுத்துகிறார்கள். கார்பன் கலந்த 90 மீட்டர் ஈட்டி விறைப்பானது. வேகமும் துல்லியமும் உள்ள கைக்குத்தான் அது பறக்கும். 38 மீட்டர் எறியும் பையன் கையில் கோணம் கொஞ்சம் தவறினாலே மூக்கைத் தொங்கப்போட்டு விழும். அந்த விறைப்பு கைக்கும் நல்லதல்ல. அவனுக்கு ஏற்றது சற்று வளைந்து கொடுக்கும் சாதாரண அலுமினிய ஈட்டி. இந்த வகைப்பாட்டைப் பற்றி விற்பவர் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். எத்தனை கிராம் என்றாவது கேட்டீர்களா? இப்படி 800 கிராம் ஈட்டி வாங்கிவிட்டு, பிரிவு மாறும்வரை பரணில் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சொந்த ஈட்டியைப் போட்டிக்குக் கொண்டுபோனால் அதிகாரிகள் அளந்து குறியிட்ட பிறகுதான் அனுமதிப்பார்கள். அப்படி அனுமதித்த ஈட்டியை மற்றப் போட்டியாளர்களும் எடுத்து எறியலாம் என்பதுதான் பொதுவான விதி. உங்கள் 92,000 ரூபாயை முன்பின் தெரியாத இருபது பையன்கள் கல்தரையில் குத்துவார்கள். முனை வளைந்தால் யாரிடம் கேட்பீர்கள்?

விடுதி விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு அறிவிப்பு பொதுவில் வருகிறது, விண்ணப்பம் இணையத்தில், பிறகு தேர்வுப் போட்டி. பேசி முடிக்க அதில் ஒன்றும் இல்லை. பேசி முடிக்கிறேன் என்பவர் அடுத்த வாரம் பிறந்த தேதியை ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிடலாமா என்று கேட்பார். தலையாட்டிவிடாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் சோதனை தேசிய அளவுப் போட்டிகளில் நடக்கிறது. மாட்டினால் தடை பையனுக்குத்தான், பேசி முடித்தவர் போனை எடுக்க மாட்டார்.

சிகிச்சைக்கு வருகிறேன். பெரும்பாலான பையன்களுக்கு எறிவதை முழுதாக நிறுத்தினாலே நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வலி போய்விடும். ஓடலாம், தாண்டலாம், கால், இடுப்பு, வயிற்றுக்கான பயிற்சிகள் எல்லாம் செய்யலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு எறிவது கூடவே கூடாது. ஒரு ஊசி போட்டால் மாவட்டப் போட்டிக்கு இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று முழங்கையைப் பிடித்து இழுக்கவும் விடாதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனுக்கு அப்படி இழுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, கடைசியில் ஆபரேஷனில் போய் முடிந்தது.

ஆனால் இந்த நான்கு வாரக் கணக்கு பொருந்தாத ஒரு நிலை உண்டு. பையனைக் கண்ணாடி முன் நிறுத்தி, உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். இடது கை நேராக நீண்டு, வலது கை மட்டும் ஐந்து பாகையாவது மடங்கியே நிற்கிறதா? மடக்கி நீட்டும்போது நடுவில் மாட்டிக்கொண்டு, பிறகு டக்கென்று விடுகிறதா? வலி உள்பக்கத்தில் இல்லாமல் வெளிப்பக்கத்தில் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். உள்பக்கம் இழுபடும்போது வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பு மோதி நசுங்குகிறது. அங்கே மூட்டின் மேல்பரப்பே சிதைந்து, ஒரு சில்லு பெயர்ந்து மூட்டுக்குள் அலையலாம். கை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதனால்தான். ஓய்வில் வலி குறையும், சில்லு அங்கேயே இருக்கும். வலி குறைந்ததே என்று திரும்ப எறிந்தால் மூட்டு வாழ்நாள் முழுக்கக் கெடும். அதனால் வலி குறைந்தாலும் கை முழுதாக நீளவில்லை என்றால் குணமாகவில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வளரும் எலும்பை மறுகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது இயல்பு, எது கோளாறு என்று தெளிவாகத் தெரியும். ஒரு கை போதும் என்று சொன்னாலும் பணிவாகக் கேட்டு எடுங்கள்.

இந்த அறிகுறி எதுவும் இல்லையென்றால், எலும்பு முண்டைக் கட்டைவிரலால் அழுத்தியும் வலிக்காத நாளிலிருந்து கணக்கு வையுங்கள். முதல் இரண்டு வாரம் பந்து மட்டும், நின்ற இடத்திலிருந்து. பிறகு 500 அல்லது 600 கிராம் ஈட்டி, மூன்று அடி நடந்து. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இருபது எறி, அதில் முழு வேகத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம். என் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

மூன்று வாரத்தில் வரும் மாவட்டப் போட்டியை விட்டுவிடுங்கள். பையன் அழுவான், தெரியும். நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வருட உலக சாம்பியன்ஷிப்புக்கு அவர் போகவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் திரும்பி வந்த போட்டியிலேயே 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். பி.டி. சாரிடம் போட்டியில் பெயரை எடுக்கச் சொல்லும்போதே, அடுத்த வருடத்துக்கு ஒரு 600 கிராம் ஈட்டி கேட்டு தலைமையாசிரியருக்கு மனுவும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் நாலு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் ஃபைலில் தூங்கும்.