வாசகர் கேள்வி – பதில்: சப்பாத்து லேஸ் எவ்வளவு நீளம் வேண்டும்?

மகனின் பாடசாலைச் சப்பாத்து லேஸ் அறுந்துவிட்டது. 3ஆம் இலக்கச் சப்பாத்து என்று சொல்லிப் புறக்கோட்டையில் புது லேஸ் வாங்கினேன். கட்டினால் நிலத்தில் இழுபடுகிறது. என்னவென்று கேட்டு வாங்குவது?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

சப்பாத்து இலக்கத்தை வைத்து லேஸ் வாங்க முடியாது, அம்மா. லேஸ் ஏறுவது துளைகளில். ஆகவே எண்ண வேண்டியதும் துளைகளைத்தான். ஒரு பக்கத்தில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனை சோடி. வழக்கமான குறுக்குக் கட்டுக்கு 3 சோடி என்றால் 60 செ.மீ., 4 சோடிக்கு 75, 5 சோடிக்கு 90, 6 சோடிக்கு 110, 7 சோடிக்கு 120, 8 சோடிக்கு 140 செ.மீ. கேளுங்கள்.

இது பொதுக் கணக்கு. துளைகள் ஒரே எண்ணிக்கையாக இருந்தாலும், இடது துளைக்கும் வலது துளைக்கும் இடையே உள்ள அகலம் சப்பாத்துக்குச் சப்பாத்து மாறும். நாக்கு தடித்த விளையாட்டுச் சப்பாத்தில் அது 5 செ.மீ. வரை விரியும். இரண்டு ஓரமும் கிட்ட வந்து மூடும் கந்தோர்ச் சப்பாத்தில் இரண்டரை செ.மீ.தான் இருக்கும். அதனால்தான் 5 சோடித் துளையுள்ள கந்தோர்ச் சப்பாத்துக்கு 75 செ.மீ. மெல்லிய லேஸே போதுமாகிறது. 90 போட்டால் வளையங்கள் பக்கவாட்டில் தொங்கும்.

உங்கள் மகனின் சப்பாத்தில் 4 சோடி என்று வைத்துக்கொள்வோம். சொக்ஸோடு காலை உள்ளே விடச் சொல்லிவிட்டு அளவுநாடாவைப் பிடியுங்கள்; வெறும் சப்பாத்தில் அளந்தால் குறைவாக வரும். அடித்துளைகள் இரண்டுக்கும் இடையே 4 செ.மீ. ஒரு துளையிலிருந்து எதிர்ப்பக்க மேல்துளைக்குச் சாய்வாக ஏறும் துண்டு ஏறத்தாழ 4.3 செ.மீ. அப்படி 6 துண்டுகள் வரும், ஆக 26. அடியோடு சேர்த்து 30. முடிச்சுப் போட, பிள்ளைகளுக்குப் பக்கத்துக்கு 22 செ.மீ., பெரியவர்களுக்கு 25 செ.மீ. விட வேண்டும். 30உம் 44உம் 74. கடையில் 75 கேளுங்கள். கணக்கு அளவுக்கு லேஸ் கிடைக்காவிட்டால் அடுத்த பெரிய அளவை வாங்குங்கள். கூடியதை வெட்டலாம், குறைந்ததை ஒட்ட முடியாது.

கணக்கே வேண்டாமென்றால், சாமான் கட்டிவரும் சணல் கயிற்றைத் துளைகளில் கோத்து, முடிச்சுப் போட்டுப் பார்த்து, பிறகு உருவி அளந்துவிடுங்கள். அறுந்த பழைய லேஸ் இருந்தால் இரண்டு துண்டையும் அளந்து கூட்டினாலும் சரி.

வாங்கிய நீளமான லேஸை வெட்டினால் நுனி பிரிந்துவிடுகிறதே?
– வாசகி, தெஹிவளை

வெட்டிய பிறகு கட்டப் பார்ப்பதால்தான் பிரிகிறது. வெட்ட வேண்டிய இடத்தில் செலோடேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவே கத்தரியுங்கள். பொலியெஸ்டர், நைலோன் லேஸ் என்றால் நுனியை மெழுகுதிரிச் சுடரின் ஓரத்தில் இரண்டு விநாடி காட்டினால் இழைகள் உருகி ஒட்டும். சூடாக இருக்கும்போது விரலால் தொடாமல், கரண்டியின் பின்பக்கத்தால் உருட்டுங்கள். பருத்தி லேஸ் உருகாது, கருகிவிடும். அதற்கு நிறமில்லாத நகப்பூச்சில் நுனியைத் தோய்த்து இரவு முழுக்கக் காயவிட வேண்டும். எல்லாவற்றையும் விட நின்று பிடிப்பது, மின்சாரச் சாமான் கடைகளில் கிடைக்கும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய். 2 செ.மீ. துண்டு ஒன்றை நுனியில் மாட்டிச் சூடு காட்டினால், கடையில் வாங்கியது போலவே இருக்கும்.

கந்தோருக்குப் போய்ச் சேர்வதற்குள் லேஸ் இரண்டு தரம் அவிழ்கிறது. லேஸ் கட்டையோ?
– வாசகர், வெள்ளவத்தை

கட்டிய சப்பாத்தை மேலிருந்து பாருங்கள். வளையங்கள் இரண்டும் சப்பாத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகக் கிடந்தால் முடிச்சு சரி. ஒன்று விரலை நோக்கியும் மற்றது குதிகாலை நோக்கியும் திரும்பி நின்றால், நீங்கள் போடுவது பிசகு முடிச்சு. முதல் முடிச்சும் வளைய முடிச்சும் ஒரே திசையில் திரும்புவதால் வரும் கோளாறு இது. முதல் முடிச்சின் திசையை மட்டும் மாற்றுங்கள்: வலதை இடதின் மேல் போடுகிறவர் என்றால், இடதை வலதின் மேல் போடுங்கள். வளையத்தைக் கை பழகியபடியே கட்டலாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2017இல் இதை ஆராய்ந்தார்கள். கால் நிலத்தில் மோதும்போது முடிச்சு தளர்கிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டைபோல் இழுபட்டு, தளர்ந்த முடிச்சை உருவிவிடுகின்றன. ஆகவே நீளம் கூடிய லேஸும் அவிழும். வளையம் 5 செ.மீ., தொங்கும் நுனி 5 செ.மீ. போதும். வழுக்கும் உருண்டை நைலோனை விட, மெழுகு பூசிய பருத்தி லேஸ் பிடித்து நிற்கும்.

சிவனொளிபாதமலை ஏற 7 சோடித் துளையுள்ள பூட்ஸ் வாங்கியிருக்கிறேன். 120 செ.மீ. லேஸ் போதுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

போதாது. பூட்ஸில் நாக்கும் தடிப்பு, மேல் கொக்கிகளும் அகலமாக நிற்கும், 150 செ.மீ. வாங்குங்கள். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் லேஸுக்கு வேலை. ஆயிரக்கணக்கான படிகள் இறங்கும்போது பாதம் முன்னே சறுக்கி, பெருவிரல் நகம் சப்பாத்தில் இடித்துக் கறுத்துப்போகும். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னே நன்றாகத் தள்ளி, கணுக்கால் மடிப்புக்கு நேரே லேஸை இரண்டு தரம் சுற்றி இறுக்குங்கள். அதன் கீழே விரல்பக்கம் சற்றுத் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் இருக்கட்டும்.

மழையில் நனைந்த வெள்ளை லேஸில் பழுப்புப் புள்ளிகள். வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்தும் போகவில்லை.
– வாசகி, கிராண்ட்பாஸ்

அது துளைவளையத்தின் துரு. குளோரீன் கலந்த வெளுக்கும் திரவம் துருக்கறையை இன்னும் பதியவைக்கும். முதலில் அந்தத் திரவம் முற்றாகப் போகும்வரை அலசுங்கள். பிறகு தேசிக்காய்ச் சாற்றில் உப்புக் கலந்து கறையில் தடவி, அரை மணித்தியாலம் விட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நனைந்து வந்த அன்றே லேஸை உருவித் தனியே காயப்போட்டால் துரு ஏறாது.