தம்பி கட்டிய காருக்கு ஆர்.சி. கிடைக்குமா?

கேள்வி: நீடாமங்கலம் அருகே பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து தானே சேஸிஸ் கட்டி, காயலான் கடையில் வாங்கிய மாருதி 800 என்ஜினைப் பொருத்திச் சிறிய திறந்த கார் ஒன்றைச் செய்திருக்கிறான். பிரேக் குழாய் வேலை மட்டும்தான் பாக்கி, முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோகலாம் என்கிறான். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய கார்களுக்குத் தனி ஆய்வு உண்டு என்று அங்கிருக்கும் எங்கள் மாமா மகன் சொல்கிறார். இங்கே ஒரு புரோக்கர், உடைத்த காரின் ஆர்.சி. புத்தகத்தையே இதற்குப் போட்டுத் தருவதாக 15,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். வண்டியின் படங்களை இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் புரோக்கரை நிறுத்துங்கள். பிரேக் குழாயைப் பிறகு பார்ப்போம்.

அவர் ‘போட்டுத் தருவது’ என்று நாசூக்காகச் சொல்வது என்ன தெரியுமா? செத்துப்போன காரின் சேஸிஸ் எண் பொறித்த தகட்டை வெட்டி எடுத்து உங்கள் தம்பியின் இரும்புக் குழாயில் பற்றவைப்பார். அல்லது அதே எண்ணைப் புதிதாக அச்சடிப்பார். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் இதற்கு 336-ஆவது பிரிவு (பொய்யாவணம் புனைதல்), 340 (அதை உண்மையானதாகப் பயன்படுத்துதல்), 318 (ஏமாற்றுதல்) என்று வரிசையாகக் காத்திருக்கின்றன. வண்டி நிற்பது தம்பியின் பட்டறையில். வழக்கில் முதல் எதிரியாக ஏறப்போவதும் தம்பியின் பெயர்தான். புரோக்கர் தொலைபேசியை அணைத்துவிடுவார். மேலும், ஒரு கார் உடைக்கப்பட்டுவிட்டால் அதன் உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆவது பிரிவு. அந்த ஆர்.சி.யோடு சேர்த்துப் பதிவை ரத்து செய்வதுதான் முறை. வேறொரு வண்டிக்கு அது உயில் சொத்து அல்ல.

மாமா மகன் சொன்னது சரியே. பிரிட்டனில் தனிநபர் கட்டிய காரை, ஒற்றை வண்டி ஒப்புதல் என்ற முறையில் அரசு ஆய்வாளர் ஒருவர் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். பிரேக் குழாய் எங்கே உரசுகிறது, எங்கே தொங்குகிறது என்பதும் அதில் அடக்கம். தேறினால் பதிவு கிடைக்கும். நம் சட்டத்தில் அந்தக் கதவு இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி வண்டியின் மாதிரி வடிவம் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேற வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. ஆகியவை அத்தகையவை. அதன் பிறகு உற்பத்தியாளர் படிவம் 22-இல் தரும் சாலைத் தகுதிச் சான்று இருந்தால்தான் புதிய வண்டியாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்க இயலும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிகளுக்காக வகுத்த ஏற்பாடு இது. ஒரே ஒரு கார் கட்டியவருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே மோட்டார் வாகன ஆய்வாளர் உங்கள் தம்பியின் பிரேக்கை மிதித்துப் பார்க்கும் கட்டம் வரவே வராது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய உதிரிகளைக் கொண்டு கட்டிய குட்டி ஜீப் 2021-இல் நாடெங்கும் பேசப்பட்டது. விதிகளுக்குப் புறம்பானது என்பதால் இதை அதிகாரிகள் என்றாவது நிறுத்துவார்கள் என்று சொல்லித்தான் ஆனந்த் மஹிந்திரா அதை வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். காப்பீடு இல்லாததற்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தொகைகளைக் கேட்டுத் தம்பி சிரிக்கலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஒன்றின்மீது வண்டி மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகை முழுவதும் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். டெல்டாவில் அதற்கு அர்த்தம் நிலம் ஜப்திக்குப் போவது. உயிர் போனால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை. “நம் வயலுக்குள்தானே ஓட்டுகிறேன்” என்பார். வேலி போட்ட உங்கள் சொந்த இடத்துக்குள் ஓட்டிப் பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து ஆற்றுப் பிரிவான மூணாறு தலைப்பிலிருந்து போகும் கரைச் சாலையில் ஏறிய அடுத்த நொடி அது பொதுவிடம். பொதுமக்கள் உரிமையோடு நடமாடும் எந்த வழியும் சட்டப்படி பொதுவிடம்தான், தார் போட்டிருக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு உண்மையாகவே ஆர்.டி.ஓ. ஆய்வில் நிற்க ஆசையா? சேஸிஸும் ஆர்.சி.யும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பழைய காரோ ஜீப்போ முழுசாக வாங்கட்டும். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டு, 15 ஆண்டு முடிந்திருந்தால் படிவம் 25-இல் விண்ணப்பித்து ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். வண்டியை நேரில் காட்ட வேண்டும். துருப்பிடித்த பிரேக் குழாயைப் பழைய அமைப்பிலேயே மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு அனுமதி தேவையில்லை. கூரையை அறுப்பதும் சேஸிஸை நீட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கும் மாற்றம். தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

இனி படங்கள். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் விபத்து வழக்குகளில் பிரேக் பற்றி நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்து செய்து கொஞ்சம் தேறியிருக்கிறேன். இரண்டாவது படத்தில் இருப்பது ஏ.சி. வேலைக்கான செம்புக் குழாய். அதன் நுனியை ஒற்றை மடிப்பாக விரித்திருக்கிறார். பிரேக் குழாய்க்கு இரட்டை மடிப்பு வேண்டும். வெறும் செம்பு அதிர்வில் இறுகிப் பிளந்துவிடும். அதற்கென விற்கும் எஃகுக் குழாயை வாங்கச் சொல்லுங்கள். நான்காவது படத்தில் குழாய் சைலன்சரை ஒட்டிப் போகிறது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும்; ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 டிகிரியே போதும். கொதித்தால் ஆவி அடைத்து, பெடல் தரைவரை போகும். குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளும் கண்ணில் படவில்லை. சேற்றில் ஓடும் வண்டியில் தொங்கும் குழாய் எத்தனை நாள் தாங்கும்? மத்திய மோட்டார் வாகன விதி 96-இன்படி முழுப் பாரத்துடன் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும். வேலிக்குள் ஓட்டினாலும் இந்த அளவைத் தம்பி தானே வைத்துச் சோதிக்கட்டும்.

முன்பணம் பற்றி: சட்டவிரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணம் என்பதால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அந்தப் பேச்சையே செல்லாததாக்கிவிடுகிறது; வழக்குப் போட்டு மீட்பது கடினம். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, வருகிறதை வாங்குங்கள். பணம் வராவிட்டாலும் அவரிடம் கொடுத்த ஆதார் நகல், கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.