பழைய மாருதி ஆம்னி வேனில் வேக மீட்டரின் முள் 40-இலேயே நிற்கிறது, கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது: முழு மீட்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

பழைய மீட்டர் ஒன்றை வாங்கிப் போடும்படி உங்கள் மெக்கானிக் சொன்னாலும், மாற்ற வேண்டியதில்லை. தங்கச்சிமடத்தில் ஓடும் உங்கள் வண்டியில் முள் 40-ஐ விட்டு இறங்கவில்லை என்றும், கிலோமீட்டர் எண்கள் ஒழுங்காக நகர்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரே கேபிள்தான் இரண்டையும் இயக்குகிறது. அது அறுந்திருந்தால் எண்களும் நின்றிருக்கும், முள்ளும் சுழியத்தில் கிடந்திருக்கும். எனவே பழுது மீட்டருக்குள்தான் உள்ளது. மண்டபத்தில் இருக்கும் என் ஆம்னியிலும் இதே கோளாறு வந்தது; சுத்தம் செய்ததிலேயே அது சரியாகிவிட்டது.

கேபிளின் முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தத்தைச் சூழ்ந்து, அதைத் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைத் தன்னோடு திருப்பப் பார்க்கும். கிண்ணத்தின் அச்சிலுள்ள மயிரிழை போன்ற சுருள்வில் அதை எதிர்த்து இழுக்கும். இந்த இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 1902-இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸே காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கேபிள் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் இன்றும் இதுவே இருக்கிறது.

கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று கொண்டுவரும் உப்புத்தூள் ஈரத்தை ஈர்த்து, அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடியைப் பூக்க வைக்கிறது. துருப்பிடித்த கேபிளின் இரும்புத்தூளோ நேராகக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டால், வண்டி நின்ற பிறகும் முள்ளைக் கீழே இறக்கச் சுருள்வில்லுக்கு வலு போதாது.

முதலில் வண்டியை நிறுத்திவிட்டு மீட்டர் கண்ணாடியை விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். முள் சிறிது சிறிதாக இறங்கினால் அழுக்குதான் காரணம். எந்தப் பிடிப்பும் இன்றி இருபுறமும் ஆடினால் சுருள்வில் கழன்றிருக்கிறது. அதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமோ மீட்டர் பட்டறையிலோ கொடுத்துவிடுவது நல்லது. எந்த நிலையிலும் முள்ளை விரலால் தள்ளாதீர்கள், பிடுங்கி எடுக்கவும் வேண்டாம். அதன் சுழிய நிலை போய்விட்டால் மீட்பது கடினம்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகு மீட்டர் போர்டை எடுங்கள். கேபிள் மரையால் பூட்டப்பட்டிருக்கிறதா, பிளாஸ்டிக் கவ்வியாலா என்று பார்த்து விடுவியுங்கள்; இழுத்துப் பிய்க்கக் கூடாது. தளர்ந்த பொடியை ரப்பர்க் குமிழால் ஊதி நீக்குங்கள். பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் இதற்கு ஆகாது, ஏனெனில் அந்த வேகத்தில் சுருள்வில் கோணிவிடும். கிண்ணத்தின் இடைவெளியில் மெல்லிய காகிதப் பட்டையை நுழைத்து மெல்ல இழுத்தால் இரும்புத்தூள் வெளியே வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நுண்ணிய தூரிகையால், சுருள்வில்லில் படாமல், அச்சைத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். அச்சுக்கு எண்ணெய் தேவைப்பட்டால் கடிகார எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது மணலையும் உப்பையும் பிடித்து வைத்து, சில மாதங்களில் முன்னைவிட மோசமாக முள்ளை ஒட்ட வைக்கும்.

மீட்டரைத் திரும்பப் பூட்டுமுன் கேபிளைக் கவனிக்காமல் விட்டால் பழுது மீண்டும் வரும். உட்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் துடைத்து, கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெலிதாகக் கிரீஸ் தடவுங்கள். மேல் முனையில் ஒரு சாண் நீளம் உலர்ந்தே இருக்கட்டும், ஏனென்றால் சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். கேபிள் உடற்தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கடற்காற்று நுழையும் வாசல் அது.

மெக்கானிக் சொல்வது போலப் பழைய மீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டால் வேறொரு வண்டியின் கிலோமீட்டர்தான் உங்கள் கண் முன்னால் ஓடும். ஆயில் மாற்றும் கணக்கு முதல் வண்டியை விற்கும்போது சொல்லும் கணக்கு வரை குழம்பும். வேறு வழியின்றி மாற்ற நேர்ந்தால் பழைய எண்ணைப் படமெடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், முள்ளை 60-இல் நிலையாக வைத்து ஓட்டுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். நேரத்தை உடன் வருபவர் பார்க்கட்டும். 54 விநாடிக்கும் குறைவாக ஆனால், மீட்டர் காட்டுவதைவிட வண்டி மிக வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த மீட்டரைத் திருத்தாமல் பாம்பன் பாலத்தில் ஏற வேண்டாம்.