கமிஷனும் மெயின் சுவிட்சும்

வணக்கம் சார்,

மாடி அறைகளுக்கு வயரிங் மாற்றுகிறோம். எலக்ட்ரீஷியன் பல வருடப் பழக்கம். அவர் சொன்ன கடையில்தான் பொருள் வாங்கினோம். அங்கே அவருக்குக் கமிஷன் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. வயர் பெட்டியில் இருந்த கூப்பனையும் அவரே எடுத்துக்கொண்டார். கேட்டால் மனஸ்தாபம், கேட்காவிட்டால் ஏமாந்த மாதிரி இருக்கிறது. மற்றபடி தங்கமான மனிதர். என் மகளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்பதால், நெட் போகக் கூடாதென்று மெயினை அணைக்காமலே வேலை செய்கிறார்.

- வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கூப்பனை விடுங்கள், அது கம்பெனிக்காரர்கள் எலக்ட்ரீஷியனுக்கென்றே வைப்பது. கடைக் கமிஷன் உங்கள் பில்லில் ஏறியிருக்கலாம். ஆனால் கூலியில் நாம் அடித்துப் பேசிக் குறைத்ததை அவர் எங்காவது ஈடுகட்டத்தானே பார்ப்பார்? அடுத்த முறை லிஸ்ட் எழுதி வாங்கி நீங்களே வாங்குங்கள், கூலியைக் கூட்டிக் கொடுங்கள். ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயருக்குக் காசு வாங்கிவிட்டு அதைவிட மெல்லிய 2.5 இழுத்திருந்தால் மட்டும் சண்டை போடுங்கள். அது கமிஷன் இல்லை, மோசடி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் கடைசி வரிதான். அவராகவே ஒப்புக்கொண்டு செய்கிறார் என்பீர்கள். முடியாது என்றால் அடுத்த வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவீர்களோ என்ற பயம் அவருக்கு இருக்காதா?

ஷாக் அடித்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வீடுகளில் போடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் பூமிக்குக் கசிந்தால்தான் விழும். மர ஸ்டூலில் நிற்கிறவருக்கு ஒரு கையில் கரண்ட் வரும் ஃபேஸ் வயர், மறு கையில் அது திரும்பும் நியூட்ரல் வயர் பட்டால், அவர் உடம்பும் அதற்கு ஒரு பல்பு மாதிரிதான். விழாது. அப்புறம், இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்தாலும் அதில் சேர்த்த லைட், ஃபேன் லைன்களில் கரண்ட் இருக்கும். இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாததில்லை. "பழக்கம்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார். நீங்கள்தான் போய் அணைக்க வேண்டும்.

மகள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கட்டும். லேப்டாப்பை எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போகும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். ஞாயிறென்றால் கூலி கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள்.